மூடுபக்கம் என்ற சொல் பிறந்த கதை

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு எழுதும் வேலையை உங்களுக்குத் தரவில்லை. இவ்வழக்கில் குற்றம் செய்தவன் அதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டான். நடந்ததை முழுவதுமாகக் கேட்டு, மனத்தில் வைத்திருக்க ஒருவர் தேவை. நாளை உங்கள் மேசைக்கு யாரேனும் துணியில் சுற்றிய பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும்போது, அதை எப்படித் தொடக் கூடாது என்று தெரிந்த ஒருவர். அந்த ஒருவராக இருங்கள்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. பணி ஓய்வு பெற்ற பெரியவர்களின் தொனியில் பேச எனக்குத் தகுதியில்லை. எனினும் பழைய கையெழுத்து நோட்டுகளைத் திரட்டிக் காக்கும் நம் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை இம்மாத இறுதியில் உங்களிடம் ஒப்படைத்து விலகுகிறேன். விலகுகிறவனுக்குச் சற்று நேரம் பேசும் உரிமை உண்டு. பள்ளி நாள் முதல் பேச்சுப் போட்டி மேடைகளில் வளர்ந்தவன் நான். எழுதினாலும் எனக்குப் பேசுவது போலத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பட்டியலில் ‘மூடுபக்கம்’ என்றொரு கட்டம் இருப்பதைக் கண்டு, உங்களில் ஒருவர் திங்கட்கிழமை என்னிடம் கேட்டார்: “இது எந்த அகராதியில் இருக்குதுங்க?” எந்த அகராதியிலும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, கோவையில் ஒரு கல்லூரி அரங்கத்தின் வாசற்படியில் அது பிறந்தது. அதைப் பிறப்பித்த பெருமை என்னுடையதன்று. அதற்குக் காரணமான தவறு மட்டுமே என்னுடையது. இதில் தொடர்புடையவர்களிடம் அனுமதி பெற்ற பிறகே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சிறிய தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தவறு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் புரியும். இப்பணியில் சேர்ந்த முதலாண்டு, மேட்டுப்பாளையத்தில் வணிகர்கள் கூடிய விழா ஒன்றில் சொற்பிறப்புப் பற்றிப் பேசினேன். பாக்கு மூட்டையில் ஒரு வகைக்கு அவர்கள் வழங்கும் பெயரை எடுத்துக்கொண்டு, அதன் வேர் ஈராயிரம் ஆண்டு ஆழத்தில் இருக்கிறது என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “ஏனுங்க தம்பி, நல்லாப் பேசுனீங்க. ஆனா அந்தப் பேரு எங்க மண்டிக்கு வந்த லாரிக்காரன் வெச்சதுங்க. ஆளு இன்னும் உசுரோடதான் இருக்கறான். போன் போட்டுத் தரட்டுங்களா?” அரங்கம் சிரித்துத் தீர்த்தது. நானும் சிரித்தேன். அழகாகச் சொல்லப்பட்டதாலேயே ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது என்று அன்றே படித்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் என் அடுத்த மேடைக்கு ஒரு துணுக்காகச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இனி அந்தப் புதன்கிழமை.

அரபுத்தமிழ் என்பது என்ன என்று நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் சாட்சிகள் அனைவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழுக்கு மட்டும் உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகள் இட்டு, வலமிருந்து இடமாக எழுதுவது. பள்ளிக்கூடம் போகாமல், குர்ஆன் ஓத மட்டும் கற்ற எத்தனையோ பெண்கள் தம் வீட்டுச் செய்திகளை இவ்வெழுத்தில்தான் எழுதி வைத்தார்கள். அச்சில் இருந்தால், ஓதத் தெரிந்த ஒருவர் தட்டுத்தடுமாறிக் கூட்டிவிடலாம். கையெழுத்தில் அது கடினம். புள்ளிகள் ஓடிப்போயிருக்கும், உயிர்க்குறிகள் பாதிக்கு மேல் விடுபட்டிருக்கும். பழைய கோவைத் தெருக்களில் அப்படிப்பட்ட கையெழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

எங்கள் குழுவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஷாஹின் ஒருவரே. என் வயதுதான். மேடை ஏறுவதை அறவே வெறுப்பவர். நான் எழுத்தைக் காக்கும்படி ஊரெல்லாம் பேசுவேன். அவர் அறையில் அமர்ந்து படிப்பார். அன்று எனக்கு அவ்வெழுத்தில் அலிஃப் எது, லாம் எது என்றுகூடத் தெரியாது. அதைக் குறையாகவே நான் நினைத்ததில்லை.

அவ்வாண்டு எங்களுக்குக் கிடைத்தவற்றுள் சிறந்தது ஒரு மருத்துவச்சியின் நோட்டு. வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த சபுராம்மா, தாம் காலமாகும்வரை எழுதி வந்தது. அவருடைய மகள் மெகராஜ் அக்கா தையற்கடை வைத்திருப்பவர். தமிழும் ஆங்கிலமும் படித்தவர். தாயின் எழுத்து மட்டும் அவருக்குப் படிக்க வராது. “என்ன எழுதுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. கஷாயமும் லேகியமுமா இருக்கும். வீணாப் போகாம வெச்சுக்கங்க” என்று எங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். தாம் படிக்க இயலாத ஒன்றுக்கு ஒருவர் தரும் ஒப்புதல் எதற்கான ஒப்புதல் என்று நாங்கள் எவரும் நின்று யோசிக்கவில்லை.

எழுத்துக் கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று. நுழைவாயிலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரே ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். நோட்டின் படங்களைத் திரையில் ஓடவிட்டு, கறை இல்லாத, வரிகள் கோடு பிடித்தாற்போல் இறங்குகிற, மை மங்காத ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஷாஹின் சொன்னார்: “நான் பாதிதான் படிச்சிருக்கறேன். இந்தப் பக்கம் இன்னும் வரல. ஒரு வாரம் குடுங்க.”

“எழுத்தழகுக்காகத்தானே வைக்கிறோம்? யார் படிக்கப் போகிறார்கள்?”

“அதுக்காக நாமளே படிக்காம வெப்பமுங்களா?”

அப்போதுதான் என் மேடைமூளைக்கு ஒரு மின்னல். “படிக்கவே வேண்டாம் ஷாஹின். விழா அன்று மதியம், மேடையில், எல்லார் முன்னிலையிலும் நீங்கள் முதல்முறையாகப் படியுங்கள். ஒத்திகை கிடையாது. நாற்பது ஆண்டுகளாக ஊமையாகக் கிடந்த பக்கம் அந்த நொடியில் வாய் திறக்கும்!”

“வாய் தொறந்து என்ன சொல்லும்னு தெரியாதே, பேச்சாளரே” என்றார். நான் அழைப்பிதழில் அதை அச்சடித்துவிட்டேன்.

பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தந்தவர் பஷீர் அண்ணன். கணபதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி பிளக்ஸ் பேனர் அச்சகம் நடத்துபவர். திருமண வரவேற்பும் கட்சிக் கூட்டமும் அச்சடித்து அலுத்தவருக்கு இந்தப் பக்கம் பிடித்துப்போயிற்று. “பிளக்ஸ் வேண்டாமுங்க தம்பி, பளபளன்னு கண்ணு கூசும். கேன்வாஸ்ல போட்டுத்தாரேன். இது எங்க எழுத்துங்க. நான் ஓதுவேன், ஆனா இது தமிழுன்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. எங்கம்மா படிப்பாங்க. விழாவுக்குக் கூட்டியாரேன்.” மூன்று முறை நிறம் திருத்தி அச்சிட்டார். அச்சிடுகிறவர் எழுத்தைப் பார்ப்பதில்லை. மையின் அடர்வைப் பார்க்கிறார். பேசுகிறவன் அதையும் பார்ப்பதில்லை.

விழாவன்று காலை அரங்கம் நிரம்பியிருந்தது. மெகராஜ் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். நான் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று அப்போது எண்ணினேன். “வாசலில் நிற்கும் அப்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் இவ்வரங்கில் எங்கள் ஷாஹினைத் தவிர ஒருவரும் இல்லை! ஓர் எழுத்தின் சாவு இப்படித்தான் வரும், சத்தமே இல்லாமல்!” என்றபோது மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ‘எங்கம்மா படிப்பாங்க’ என்ற பஷீர் அண்ணனின் சொல் என் காதில் விழுந்துதான் இருந்தது. அந்த வாக்கியத்தின் எடுப்புக்காக அதை மறந்துபோனேன்.

உணவு இடைவேளை. வெளியே வந்தேன். அந்தக் கேன்வாஸின் அடிப்பகுதியில் முதுகைச் சாய்த்து, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். வெள்ளை முக்காடு. எதிரே பஷீர் அண்ணன் கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கப் பார்த்தார்.

“ஏம்மா, அங்கியே ஒட்டிக்கிட்டீங்க? கொஞ்சம் அக்கட்டால நகருங்க, எழுத்து மறைக்குது.”

“நீ போயிச் சாப்புடு கண்ணு. நான் இந்தத் தம்பிகூடப் பேசிப்போட்டு வாரேன்.”

“பாருங்க தம்பி, எங்கம்மாவுக்கு எழுத்தக் கண்டாச் சோறு வேண்டாம்” என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் பந்திக்குப் போனார். போகும்வரை அந்த அம்மா புன்னகை மாறாமல் நின்றார். மகன் படியிறங்கியதும் புன்னகை போயிற்று.

“இத எறக்கிப்போடுங்க.”

“ஏனுங்கம்மா?”

“எறக்குங்க கண்ணு. எனக்கு இது படிக்கத் தெரியும்.”

எனக்கு முதலில் வந்தது கோபம் என்பதை மறைக்கப் போவதில்லை. சமய நோக்கில் ஏதேனும் தடை சொல்கிறாரோ என்று நினைத்து, பதிலுரைக்கு வாதங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் என்னை அடுக்கவிடவில்லை.

“கடைசி ரெண்டு வரி என்ர முதுகுக்குப் பின்னால இருக்குது. அதுல என்ர பேரு இருக்குதுங்க. எங்க பஷீரோட அத்தா, என்ர ஊட்டுக்காரரு பேரும் இருக்குது. மத்தது படிக்க வராட்டியும், பேருன்னா என்ர பையன் கூட்டிப் படிச்சுப்போடுவான்.”

“உங்கள் பெயரா? எதற்காக எழுதியிருக்கிறார்?”

அவர் பெயர் நூர்ஜஹான். பந்தி நடக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். “அவன நான் பெக்கலீங்க” என்றார்.

ஷாஹினை அழைத்தேன். அவர் தம் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து, உதடு அசையாமல் படித்தார். முகம் வெளுத்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்த ஒரு பெண், மழைக் காலம், ஆண் குழந்தை, தாய் பிழைக்கவில்லை, கேட்டு வர யாருமில்லை. குழந்தைக்காகப் பதினோரு ஆண்டு காத்திருந்த நூர்ஜஹானின் மடியில் அன்றே போட்டதாகச் சபுராம்மா எழுதியிருந்தார். அதன் கீழே, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது போல ஒரு வரி: இதை யாரிடமும் சொல்லவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தப் பக்கத்தைத்தான் நான் ஆறடிக்கு விரித்து வாசலில் நிறுத்தியிருந்தேன். அந்தப் பிள்ளையின் கையாலேயே அச்சடிக்கச் செய்து.

“சொல்லோணும் சொல்லோணும்னு இத்தன வருசம் ஓடிப்போச்சு” என்றார் நூர்ஜஹான் அம்மா. “அவங்க அத்தா இருக்கறப்பவே சொல்லிரலாம்னாரு. நாந்தான் கையப் புடிச்சு வேண்டாம்னேன். தப்பு என்ர மேலதான். ஆனா நான் சொல்றதுக்கு முன்னால செவுரு சொல்லக் கூடாதுங்க கண்ணு. மத்தியானம் இத மைக்குல வேற படிக்கப் போறீங்களாமே?”

இரண்டரை மணிக்கு வாசிப்பு. அப்போது மணி ஒன்றே முக்கால். அழைப்பிதழில் அச்சடித்தாயிற்று, காலையில் முழங்கியாயிற்று, பஷீர் அண்ணன் முன்வரிசையில் இடம் பிடித்துத் துண்டு போட்டிருந்தார்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். இவ்விடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் ஷாஹினுக்கும் தோன்றியது.

“வேற பக்கத்தப் படிச்சுப்போடறேன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “இருமலுக்குக் கஷாயம் ஒண்ணு இருக்குது, நல்ல தமிழு. மூணு நிமிசம். கைதட்டுவாங்க, முடிஞ்சுது. இந்தப் பக்கமுன்னு நெனச்சுக்குவாங்க. ஆருக்குத் தெரியப் போகுது?”

எவ்வளவு எளிய வழி! யாருக்கும் தெரியாதுதான். நூர்ஜஹான் அம்மாவும் தலையசைத்தார். ஆம் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

படிப்பவர் பலர் உள்ள எழுத்தில் ஒருவர் பொய் படித்தால் பத்துப் பேர் திருத்துவார்கள். படிப்பவர் நால்வரே உள்ள எழுத்தில், அந்த நால்வரின் வாய்தான் எழுத்து. அவ்வாய் ஒருமுறை எழுதாததைப் படித்துவிட்டால் பிறகு அங்கே காப்பாற்ற எதுவுமில்லை. தாளும் மையும் மட்டும் மிஞ்சும். ஷாஹின் அப்பொய்யை எனக்காகச் சொல்லத் துணிந்தார். என் தவறுக்கு, தம்மிடம் இருந்த ஒரே சொத்தை, தம் வாசிப்பின் நேர்மையை, விலையாக வைத்தார். அதை நான் வாங்கியிருந்தால், இன்று உங்கள் முன் இப்பொறுப்பை ஒப்படைக்க எனக்குக் கை இருந்திருக்காது.

“பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம்” என்றேன். “படிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுவோம்.”

“காரணம் கேப்பாங்க.”

“சொல்ல மாட்டோம்.”

“உங்களத் தின்னுபோடுவாங்க.”

“தின்னட்டும்.”

விவாத மேடையில் எனக்குக் கற்பித்த முதல் பாடம், தோற்கும் பக்கத்தில் நிற்கும்போது கேள்வியை மாற்று என்பது. இரண்டாவது, ஒருபோதும் ‘நான் தவறு செய்தேன்’ என்ற சொற்றொடரை எதிரணிக்குப் பரிசளிக்காதே என்பது. இரண்டும் எனக்குப் பதக்கங்கள் வாங்கித் தந்த பாடங்கள்.

நானும் ஷாஹினும் கேன்வாஸை மேலிருந்து கழற்றினோம். எழுத்து உட்பக்கம் இருக்கும்படி சுருட்டும்போது, நூர்ஜஹான் அம்மா கடைசி வரையில் அந்த இரு வரிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தார். கயிறு கட்டுவதற்குள் பஷீர் அண்ணன் கை கழுவிய ஈரத்தோடு வந்துவிட்டார்.

“என்னங்க தம்பி, எறக்கிப்போட்டீங்க? பிரிண்ட்டுல ஏதாச்சும் தப்புங்களா? நீலம் ஒரு சொட்டுத் தூக்கலாத்தான் இருந்துச்சு, நானே நெனச்சேன்…”

“பிரிண்ட்டில் ஒரு தப்பும் இல்லை அண்ணா. தப்பு என்னுடையது. இந்தப் பக்கத்தை நான் வைத்திருக்கக் கூடாது.”

“ஏனுங்க?”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க அண்ணா. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலையும் அழித்துவிட வேண்டும். இன்றைக்கே.”

அவர் என்னைப் பார்த்தார்; ஷாஹினைப் பார்த்தார்; தாயைப் பார்த்தார். “அழிச்சுப்போடறேனுங்க. கேள்வி கேக்கல. ஆனா ஒண்ணு, தம்பி. எங்கம்மா இப்ப என்ர மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க. அது எனக்கு வெளங்குது.” தாயின் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்தினார்.

இரண்டரைக்கு மேடை ஏறினேன். மனத்துக்குள் மூன்று அழகான தப்பித்தல்கள் தயாராக இருந்தன. மூன்றும் கைதட்டு வாங்கக்கூடியவை. ஒன்றையும் எடுக்கவில்லை. “அறிவித்தபடி அப்பக்கம் இன்று படிக்கப்படாது. அதைப் படித்துப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தேன். அது என் தவறு. காரணத்தைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை” என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு, என்னோடு எத்தனையோ போட்டிகளில் மோதிய ஒருவன் நடுவரிசையிலிருந்து குரல் கொடுத்தான்: “ஏனுங்க பேச்சாளரே, காலைல எழுத்து செத்துப்போச்சுன்னு அழுதீங்க. இப்ப நீங்களே பொதைச்சுப்போட்டீங்களா?” சிரிப்பு. இன்னொருவர்: “படிக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, வெக்கமென்ன!” மேலும் சிரிப்பு. அச்சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது. மெகராஜ் அக்கா பொன்னாடையோடு எழுந்து நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

“எங்கம்மா எழுதுனதுல என்னங்க தப்பு? எதுக்கு மறைக்கறீங்க?”

“உங்கள் அம்மா எழுதியதில் தவறே இல்லைங்க அக்கா. அவர் கடைசிவரை ஒருவர் நம்பிக்கையைக் காப்பாற்றினார். இன்று காலை அதை நான் உடைக்கப் பார்த்தேன். இதற்குமேல் கேட்காதீர்கள்.”

தம் தாய் எத்தனை வீடுகளின் வாசலுக்குப் பின்னால் இருந்தவர் என்பது அவருக்குத் தெரியாததா? உட்கார்ந்துவிட்டார். ஷாஹின் மேடைக்கு வந்து, “இது வேற பக்கம். இருமலுக்குக் கஷாயம். நேத்தே படிச்சு வெச்சது” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதைப் படித்தார். கைதட்டல் மிகக் குறைவு. என் காலைப் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலையெல்லாம் அதற்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாலை. கூட்டம் கலைந்தது. பஷீர் அண்ணன் வண்டியை எடுக்கப் போயிருந்தார். அரங்கத்தின் படியில் நூர்ஜஹான் அம்மா எங்களிடம் கேட்டார்: “அந்தப் பக்கத்த இனி என்ன பண்ணுவீங்க?”

எங்கள் தொழிலில் இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. காப்பது எங்கள் வேலை. ஆனால் அன்று, அழித்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் மெகராஜ் அக்காவின் காலில் விழுந்தாவது சம்மதம் வாங்கியிருப்பேன். “நீங்களே சொல்லுங்கம்மா” என்றேன்.

“கிழிச்சுப்போடாதீங்க” என்றார் உடனே. அதற்குத் தயாராகவே இருந்தவர் போல. “அவனப் பெத்தவ பேரு வேற எங்கியும் இல்லீங்க. ரேசன் கார்டு இல்ல, போட்டோ இல்ல, அழுக ஆளில்ல. சபுராக்கா எழுதி வெச்ச அந்த ஒரு எடத்துலதான் அவ இருக்கறா. அவளையும் சேத்தி அழிச்சுப்போட்டா எனக்கு மன்னிப்பே இல்ல. மூடி வெச்சுக்கங்க. நான் சொல்லிப்போட்டு அவன அனுப்பறேன். அப்பத் தொறங்க.”

ஷாஹின் அங்கேயே படியில் அமர்ந்து, பட்டியலில் அப்பக்கத்துக்கு நேரே ஒரு சொல்லை எழுதினார்: மூடுபக்கம். நானாக இருந்தால் ‘வெளியீட்டுத் தடைக்குட்பட்ட ஆவணம்’ என்று நீட்டி முழக்கியிருப்பேன். இச்சொல் அந்த அம்மாவின் வாயிலிருந்து நேராக வந்தது. மூடியிருக்கும், ஆனால் இருக்கும்; திறப்பதற்கு உரியவர் ஒருவர் உண்டு. அத்தனையும் அதில் அடங்கியிருக்கிறது. புதுச் சொல் வேண்டுமென்று நீங்கள் தேடும்போதெல்லாம், அந்தச் சொல்லால் நன்மையோ தீமையோ அடையப் போகிறவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை பஷீர் அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார். தனியாக. முகத்தில் இரண்டு நாள் தாடி. நாற்காலியில் உட்காரவில்லை.

“அம்மா சொல்லிப்போட்டாங்க” என்றார். “ரெண்டு நாளு நான் சோறு திங்கல. அவங்களும் திங்கல. மூணாம் நாளு அவங்களே ஊட்டி உட்டாங்க. செரி, அத உடுங்க. எழுதியிருக்கறதப் படிச்சுக் காட்டுங்க. மைக்கு வேண்டாம்.”

ஷாஹின் நோட்டைத் திறந்தார். மெல்ல, ஓர் எழுத்தும் விடாமல் படித்தார். அந்தப் பெண்ணின் பெயர் வந்த இடத்தில் பஷீர் அண்ணன் கையை உயர்த்தினார். ஷாஹின் அவ்வரியை மறுபடி படித்தார். மறுபடியும். மூன்றாம் முறை அவரும் உடன் சொன்னார். அப்பெயரை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. சபுராம்மாவின் கடைசி வரியைக் கேட்டதும் அவர் கண்ணைத் துடைக்கவில்லை, வழியவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஒருக்கா நீங்க படிங்க. நீங்கதானே இந்த எழுத்துக்காக அவ்வளவு பேசுனீங்க.”

“எனக்குப் படிக்க வராதுங்க அண்ணா.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப நானும் நீங்களும் ஒண்ணுதானுங்க” என்றார். “ரெண்டு பேருமே படிக்காமப் போட்டு, அதப் பெருசு பண்ணிப்போட்டோம். நானாவது கடைல அடிச்சேன். நீங்க அதுக்கு ஆளக் கூட்டிக் கைதட்ட வெச்சீங்க. இன்னொருத்தருக்கு இப்படிப் பண்ணிப்போடாதீங்க.”

எழுந்து நின்றேன். ஷாஹின் கேட்க, மேசைமேல் நோட்டு திறந்திருக்க, மேடைக்குரலை விட்டு வெறுங்குரலில், ஆனால் உரக்கச் சொன்னேன்:

“அண்ணா, இந்த அறைக்கு வர்ற எந்த நோட்டாக இருந்தாலும், எழுதினவங்க வீட்டாளுங்களுக்கும் அதுல பேரு இருக்கறவங்களுக்கும் முழுசாப் படிச்சுக் காட்டாம, அவங்க செரின்னு சொல்லாம, ஒரு வரி வெளிய போகாதுங்க. அப்படிப் படிச்சுக் காட்டறதுக்கு இனி ஷாஹின மட்டும் அனுப்ப மாட்டேன். அடுத்த மழை மாசத்துக்குள்ள இந்த எழுத்த நான் படிச்சுருவேன். அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வாரேன். நீங்களும் அம்மாவும் உக்காந்து கேளுங்க. உங்களப் பெத்தவங்க பேர என்ர வாயால, தப்பில்லாம, படிச்சுச் சொல்றேன்.”